பரவலாக்கப்பட்ட ஏஐ கிரிப்டோ வலையமைப்புகள்: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காத்தான்குடி, ஏறாவூர், களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று எங்கே போனாலும் இந்த விடயத்தில் ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கேள்விகளை வைத்திருக்கிறோம். எந்தக் கொய்னை வாங்கலாம் என்று இங்கே சொல்லப்போவதில்லை. ஒரு வலையமைப்பின் விதிகளை ஆர் மாற்றலாம், ஆர் அதை நிறுத்தலாம், உங்களுக்கு வரும் காசு எங்கிருந்து வருகிறது ஆகிய மூன்றையும் காசு போட முதல் நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு வேண்டிய விபரங்கள்தான் கீழே உள்ளன.

ஏஐ கொய்ன் எண்டா என்ன? அந்தக் கொய்னுக்குள்ள ஏஐ இருக்கா?

இல்லை. டோக்கன் என்பது ஒரு கணக்குப் பதிவு மட்டுமே. கணினி வேலை செய்பவருக்குக் கூலி கொடுக்க, வேலை வாங்குபவரிடம் கட்டணம் எடுக்க, விதிமாற்றங்களுக்கு வாக்களிக்க என்று மூன்று வேலைகளுக்கு அது பயன்படும். ஏஐ மாதிரிகள் ஓடுவது ஆராவது ஒருவரின் ஜிபியு (வலுக்கூடிய வரைகலை அட்டை) பூட்டிய கணினியில்தான்.

எல்லாம் ஒரே வகையும் இல்லை. ஆகாஷ் என்ற வலையமைப்பில் சும்மா கிடக்கும் கணினிகளை ஏல முறையில் வாடகைக்கு விடுகிறார்கள். ரெண்டர் வரைகலை வேலையில் தொடங்கியது. பிட்டென்சரில் பல சப்நெட்கள் (தனித்தனி வேலைக்கான உள் வலையமைப்புகள்) உண்டு. ஒவ்வொரு சப்நெட்டிலும் மைனர்கள் வேலை செய்வார்கள், வலிடேட்டர்கள் அதற்குப் புள்ளி போடுவார்கள், அந்தப் புள்ளிப்படி அந்தச் சப்நெட்டின் டோக்கன் பிரியும். பிட்டென்சரின் அடிப்படை டோக்கனின் பெயர் தாவோ. வெறும் பெயரில் மட்டும் ஏஐ உள்ள டோக்கன்கள் இவற்றைவிடப் பல மடங்கு அதிகம்.

இலங்கையில இது சட்டப்படி சரியா? வாங்கினா பொலிஸ் புடிக்குமா?

மத்திய வங்கி பல தடவை அறிவித்துள்ளபடி, கிரிப்டோ தொடர்பான திட்டத்தையோ பரிமாற்றச் சந்தையையோ மைனிங்கையோ நடத்த அது எவருக்கும் அனுமதி வழங்கவில்லை. 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் வந்த 2021ஆம் ஆண்டின் 03ஆம் இலக்கப் பணிப்புரைப்படி, டெபிட், கிரெடிட் அட்டைகளால் கிரிப்டோவுக்குக் காசு கட்டவும் முடியாது.

வங்கி வைப்புக்கு இருக்கிற காப்புறுதி, முறைப்பாட்டு வழி எதுவும் இங்கே கிடையாது என்பதுதான் இதன் நடைமுறை விளைவு. காசு போனால் போனதுதான். அனுமதி இல்லாததால் வரியும் இல்லை என்று நினைக்க வேண்டாம். இலாபம் வந்தால் கணக்காளர் ஒருவரிடம் காட்டுங்கள்.

அப்ப ஆக்கள் பீடூபீல வாங்குறாங்களே, அதில என்ன பிழை?

பீடூபீ என்பது ஆளுக்கு ஆள் நேரடியாக வாங்கி விற்பது. அதில் முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் வங்கிக் கணக்குக்கு ரூபா அனுப்புவார், அல்லது நீங்கள் அனுப்புவீர்கள். கிரிப்டோவை நீங்கள் விற்கும் நேரத்தில்தான் ஆபத்துக் கூட. உங்களுக்கு வந்த ரூபா வேறொருவரிடம் ஏமாற்றி எடுத்ததாக இருந்தால், பாதிக்கப்பட்டவர் முறைப்பாடு செய்ததும் காசு போன வழியிலுள்ள கணக்குகள் முடக்கப்படலாம். நீங்கள் குற்றமற்றவர் என்று காட்டும் வரை சம்பளமும் வெளிநாட்டுக் காசும் அதற்குள்ளேயே மாட்டிக்கிடக்கும்.

வந்த காசின் அனுப்புநர் பெயரும் பீடூபீ தளத்திலுள்ள பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். வேறு பெயர் என்றால் டோக்கனை விடுவிக்காமல் தளத்திலேயே முறையிடுங்கள். "அண்ணன்ட கணக்கில இருந்து போட்டன்" என்ற கதையை ஏற்க வேண்டாம். வளைகுடாவிலிருந்து வீட்டுச் செலவுக்குக் காசு வரும் கணக்கை ஒருபோதும் இதற்குக் கொடுக்காதீர்கள்.

வட்ஸ்அப் குறூப்பில ஒரு சேர், ஏஐ பொட்டில போட்டா நாளுக்கு 2 வீதம் தாறார். அதுவும் இதுதானே?

அது இதில்லை. நாளுக்கு 2 வீதத்தைத் திரும்பத் திரும்ப உள்ளே போட்டால் ஒரு வருடத்தில் ஒரு இலட்சம் ரூபா ஏறத்தாழ 13 கோடியே 77 இலட்சம் ஆக வேண்டும். உலகத்தில் எந்தக் கணினியும் அப்படி உழைத்துக் கொடுக்காது. புதிதாகச் சேருபவரின் காசு பழையவருக்குப் போகிறது, அவ்வளவுதான். எம்டிஎப்ஈ என்ற செயலி ஏஐ வர்த்தகம் என்று சொல்லி இலங்கையிலும் பங்களாதேசத்திலும் ஆட்களைச் சேர்த்து, 2023 ஓகஸ்டில் விழுந்தது.

வங்கிச் சட்டத்தின் 83சீ பிரிவின் கீழ் பிரமிட் திட்டங்கள் தடை. நடத்துபவர் மட்டுமன்றி அதை ஊக்குவிப்பவரும் விளம்பரம் செய்பவரும் குற்றவாளி. மச்சானையும் மாமியையும் சேர்த்துவிட்டவரும் இதில் அடங்கலாம் என்பதை அந்தக் குறூப்பில் உள்ளவர்களுக்குத் தயவுசெய்து சொல்லுங்கள். தடைசெய்யப்பட்ட திட்டங்களின் பட்டியல் மத்திய வங்கியின் இணையத்தளத்தில் உண்டு. விசாரிக்க 1935 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

ஸ்டேக் பண்ணினா வருசத்துக்கு 15 வீதம் எண்டு காட்டுது. அந்தக் காசு எங்க இருந்து வருது?

ஸ்டேக் என்பது உங்கள் டோக்கனை ஒரு வலிடேட்டருக்கு ஆதரவாக வலையமைப்பில் வைப்பது. அதற்கு வரும் காசு பெரும்பாலும் புதிதாக அச்சிடப்படும் டோக்கனிலிருந்து. பிட்டென்சரின் உச்ச எண்ணிக்கை 2 கோடியே 10 இலட்சம் தாவோ. முதலில் நாளுக்கு 7,200 தாவோ புதிதாக வந்தது. மொத்தத்தில் பாதி வெளிவந்ததும், 2025 டிசம்பரில், அது 3,600 ஆகக் குறைந்தது. வருடத்துக்கு 13 இலட்சத்து 14 ஆயிரம். அப்போது வெளியில் இருந்தது ஏறத்தாழ 1 கோடியே 5 இலட்சம். ஆகவே வருடப் பெருக்கம் ஏறக்குறைய 12.5 வீதம்.

இப்போது அந்த 15 வீதத்தைத் திரும்பப் பாருங்கள். உங்கள் கையிருப்பு 15 வீதம் கூடும்போது மொத்தமும் 12.5 வீதம் கூடுகிறது. முழுக் குளத்தில் உங்கள் பங்கு கூடியது 2 வீதம் சொச்சம் மட்டுமே. கரைவலையில் பங்குகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் மீன் கூடாது, அது மாதிரி.

வெளியிலிருந்து ஏஐ சேவைக்காக ஆராவது உண்மையாகக் கட்டணம் செலுத்துகிறார்களா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. ஆகாஷில் எத்தனை கணினி வாடகையில் உள்ளது, எவ்வளவு செலவிடப்பட்டது என்பதைப் பொதுத் தரவுப் பக்கத்தில் பார்க்கலாம். பிட்டென்சர் சப்நெட் என்றால், அதன் குழு வெளி வருமானத்தைக் காட்டுகிறதா என்று தேடுங்கள். காட்டவில்லை என்றால் உங்கள் வருமானம் முழுவதும் அச்சடிப்புத்தான் என்று கணக்கிடுங்கள்.

ஸ்டேக் பண்ணி வாற காசு ஹலாலா, வட்டியா?

தீர்ப்புச் சொல்வது உலமாக்களின் வேலை. அவர்களிடம் போகும்போது சரியான விபரத்தோடு போவது உங்கள் வேலை. நான்கு விடயங்களை எழுதிக்கொண்டு போங்கள். ஒன்று, டோக்கன் கடனாகக் கொடுக்கப்படுகிறதா, அல்லது வலிடேட்டருக்கு ஆதரவாக வைக்கப்படுகிறதா. இரண்டு, வருமானம் நிலையானதா, மாறுவதா. மூன்று, அது மேலே சொன்ன அச்சடிப்பா, சேவைக் கட்டணமா. நான்கு, அந்த வலையமைப்பில் என்ன வேலை நடக்கிறது. சில சப்நெட்கள் பந்தய விளையாட்டுக் கணிப்புச் செய்கின்றன. பரிமாற்றச் சந்தைகள் "ஏர்ன்" என்று காட்டும் பலவும் உண்மையில் உங்கள் டோக்கனை வேறொருவருக்குக் கடன் கொடுப்பவை. இரண்டையும் ஒன்றாகக் கேட்டால் பதில் பிழைத்துவிடும்.

பரவலாக்கம் எண்டா ஆராலயும் நிப்பாட்டேலாதுதானே?

இந்தப் பக்கத்தில் முக்கியமான கேள்வி இதுதான். 2024 ஜூலை 2ஆம் திகதி பிட்டென்சர் பயனர்களின் வொலட்களிலிருந்து (டோக்கனுக்கான சாவியை வைத்திருக்கும் செயலிகள்) ஏறத்தாழ 32,000 தாவோ, அன்றைய விலையில் 80 இலட்சம் டொலர் அளவில், திருடப்பட்டது. உடனே பிட்டென்சரின் பின்னாலுள்ள அமைப்பான ஓபன்டென்சர் பவுண்டேசன், சங்கிலியை (வலையமைப்பின் பொதுக் கணக்கேடு) பாதுகாப்பு நிலைக்கு மாற்றியது. புளொக்குகள் (அந்தக் கணக்கேட்டின் பக்கங்கள்) உருவாகின, ஆனால் எவராலும் கொடுக்கல் வாங்கல் செய்ய முடியவில்லை.

திருட்டைத் தடுக்க அது நல்ல முடிவு. அதேநேரம், ஒரு அமைப்பால் முழு வலையமைப்பையும் நிறுத்த முடியும் என்பதையும் அது காட்டியது. அந்த நேரத்தில் புளொக் உருவாக்கும் கணினிகளை அந்த அமைப்பே நடத்தியது. விதிமாற்றத்தை மூன்று பேர் கொண்ட குழு முன்வைத்தது. பெரிய வலிடேட்டர்கள் அமர்ந்த செனட் வாக்களித்தது. மைனர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கலாம், ஆனால் அடியிலுள்ள சங்கிலி ஒரு கையில் இருந்தது. "வேலை பரவியிருக்கிறது" என்பதும் "அதிகாரம் பரவியிருக்கிறது" என்பதும் வேறு வேறு. விளம்பரத்தில் முதலாவதைக் காட்டி இரண்டாவதை நம்ப வைப்பார்கள்.

எந்த வலையமைப்பானாலும் ஆவணங்களில் நான்கைத் தேடுங்கள்: புளொக் உருவாக்குபவர் ஆர், மென்பொருளை மேம்படுத்தும் சாவி எவரிடம், அவசர நிறுத்தம் உண்டா, கருவூலக் காசைச் செலவழிக்க எத்தனை கையெழுத்து வேண்டும். ஐந்தில் மூன்று கையெழுத்து என்றால், அந்த ஐவரும் ஒரே கம்பனிக்காரரா என்றும் பாருங்கள்.

டோக்கன் வச்சிருந்தா நானும் வோட் போடலாம். அப்ப எனக்கும் உரிமைதானே?

உரிமை உண்டு, ஆனால் எடைப்படி. ஆகாஷ் போன்ற கொஸ்மொஸ் வகைச் சங்கிலிகளின் அடிப்படை விதி இப்படி: ஸ்டேக் செய்யப்பட்டதில் 33.4 வீதம் வாக்களித்தால் வாக்கெடுப்புச் செல்லும். அதில் பாதிக்கு மேல் ஆம் என்றால் நிறைவேறும். 33.4 வீதம் 'வீட்டோவுடன் இல்லை' என்றால் விழும். 10 கோடி டோக்கன் ஸ்டேக்கில் இருந்தால், ஒரு தீர்மானத்தை நிறைவேற்ற 1 கோடியே 67 இலட்சத்துக்குச் சற்று மேல் வைத்திருப்பவர்கள் போதும். ஆறில் ஒரு பங்கு.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. நீங்கள் வாக்களிக்காவிட்டால் உங்கள் எடை நீங்கள் தெரிவுசெய்த வலிடேட்டரின் வாக்கோடு போய்விடும். கமிசன் குறைவு என்று மட்டும் பார்த்து வலிடேட்டரைத் தெரிவுசெய்வது இதனால்தான் பிழை. கடந்த பத்து வாக்கெடுப்புகளில் அவர் வாக்களித்தாரா, எப்படி வாக்களித்தார் என்று எக்ஸ்புளோரரில் (சங்கிலியின் பதிவுகளைக் காட்டும் இணையத்தளம்) பாருங்கள். டோக்கனைப் பரிமாற்றச் சந்தையில் விட்டு வைத்தால் அந்த வாக்கும் உங்களிடம் இருக்காது.

ஆர் கையில கூட இருக்கு எண்டு நானே எப்படிப் பாக்கிற?

கணினி தெரிந்த எவரும் அரை மணித்தியாலத்தில் பார்க்கலாம். எக்ஸ்புளோரர்கள் இவை: கொஸ்மொஸ் வகைக்கு மின்ட்ஸ்கேன், பிட்டென்சருக்கு தாவோஸ்டாட்ஸ், எதீரியம் டோக்கனுக்கு ஈதர்ஸ்கேன். வலிடேட்டர் பட்டியலை ஸ்டேக் அளவுப்படி அடுக்கி, மேலிருந்து கூட்டிக்கொண்டு வாருங்கள். மூன்றில் ஒன்றைத் தாண்ட எத்தனை பேர் தேவைப்படுகிறார்கள்? பல சங்கிலிகளை அந்த அளவு ஸ்டேக்கால் நிறுத்திவிடலாம். ஐந்தாறு பேரே போதுமென்றால் அது சிறு குழுவின் சொத்து.

பிறகு டோக்கன் வைத்திருப்போர் பட்டியல். அதில் சந்தைகளின் பொது வொலட்களைக் கழித்துவிட வேண்டும், அது பலரின் காசு. குழு, முதலீட்டாளர், கருவூலம் என்று பெயரிட்டவற்றைக் கூட்டுங்கள். ஒரே ஆள் பல வொலட்களில் பிரித்து வைத்திருக்கலாம் என்பதால் நீங்கள் காணும் செறிவு குறைந்தபட்ச அளவுதான்.

வோட்டை வாங்கி ஆராவது முழுக் காசையும் தூக்கேலுமா?

முடியும், நடந்தும் இருக்கிறது. 2022 ஏப்ரல் 17இல் பீன்ஸ்டோக் என்ற கிரிப்டோத் திட்டத்தில் ஒருவர் ஏறத்தாழ 100 கோடி டொலரை ஒரே பரிவர்த்தனைக்குள் எடுத்துத் திருப்பிக் கொடுக்கும் பிளாஷ் லோனாகப் பெற்று, மூன்றில் இரண்டு வாக்குப் பலத்தைப் பெற்று, முதல் நாள் தானே முன்வைத்த தீர்மானத்தை அவசர முறையில் நிறைவேற்றிவிட்டார். திட்டத்துக்கு ஏறத்தாழ 18 கோடி டொலர் நட்டம். அது ஏஐ வலையமைப்பு இல்லை, ஆனால் அதே வகை வாக்கெடுப்பு ஒப்பந்தங்களை ஏஐ திட்டங்களும் பாவிக்கின்றன.

தடுப்பு இரண்டு. தீர்மானம் வந்த நேரத்துக்கு முந்திய புளொக்கில் இருந்த கையிருப்பை மட்டும் வாக்காக எண்ணுவது ஒன்று. நிறைவேறிய பின் 48 மணித்தியாலம் போலக் காத்திருக்க வைக்கும் டைம்லொக் மற்றது. இரண்டும் இல்லாத திட்டத்தில் கருவூலம் பெரிதாக இருந்தால் விலகி நில்லுங்கள்.

பிட்டென்சரில சப்நெட் அல்பா வாங்கினன். விலை மாறயில்லை, ஆனா தாவோ குறைஞ்சு போச்சு. ஏன்?

ஸ்லிப்பேஜ், அதாவது நீங்கள் வாங்குவதே விலையை நகர்த்துவதால் வரும் குறைவு. 2025 பெப்ரவரியிலிருந்து ஒவ்வொரு சப்நெட்டுக்கும் சொந்த அல்பா டோக்கன் உண்டு. தாவோவும் அல்பாவும் உள்ள ஒரு குளத்தில்தான் மாற்று நடக்கும். கணக்கை விளங்க ஒரு கற்பனைக் குளம்: 10,000 தாவோ, 4,00,000 அல்பா. விலை 0.025. நீங்கள் 100 தாவோ போட்டால் கிடைப்பது 4,000 அல்பா இல்லை, ஏறத்தாழ 3,960. ஒரு வீதம் குறைவு. ஒரே தடவையில் 1,000 தாவோ போட்டால் 40,000க்குப் பதிலாக 36,364தான். 9 வீதம் அங்கேயே போய்விடும். வெளியே வரும்போதும் இதே வெட்டு உண்டு.

போட முதல் குளத்திலுள்ள தாவோ அளவைப் பாருங்கள். நீங்கள் போடுவது அதில் அரை வீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது எங்கள் கணிப்பு. எல்லாரும் ஒரே நாளில் வெளியேற நினைத்தால் கடைசியில் நிற்பவருக்குக் கிடைப்பது மிகச் சொற்பம். ஆகாஷில் இந்தக் குளம் இல்லை, ஆனால் ஸ்டேக்கை எடுக்க 21 நாள் காத்திருக்க வேண்டும். அந்த 21 நாளும் விலை விழுவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கலாம்.

நான் வாங்கின பிறகு ரூல மாத்தினா என்ன செய்யிற?

மாற்றுவார்கள். பிட்டென்சரில் சப்நெட்களுக்குப் புதிய தாவோவைப் பிரிக்க முதலில் அல்பாவின் விலை பார்க்கப்பட்டது. 2025 நவம்பரில் தாவோ உள்ளே வருவதும் வெளியே போவதும் அடிப்படையாக மாறியது. பழைய விதியை நம்பிச் சப்நெட் தெரிவுசெய்தவர்களின் கணக்கு ஒரே மேம்படுத்தலில் புரண்டது.

2024இல் பெட்ச் டொட் ஏஐ, சிங்குலாரிட்டிநெட், ஓஷன் புரொட்டோகோல் என்ற மூன்று ஏஐ திட்டங்களும் சேர்ந்து கூட்டணி அமைத்தன. ஒரு ஓஷன் டோக்கனுக்கு 0.433226 எப்ஈடி (பெட்ச் டொட் ஏஐயின் டோக்கன்) என்ற வீதத்தில் மாற்றினார்கள். 2025 ஒக்டோபரில் ஓஷன் பவுண்டேசன் விலகியது. டோக்கன் கையாண்ட விதம் பற்றி இரு தரப்பும் பகிரங்கமாக மோதின. மாற்றியவர்களின் கையில் எப்ஈடி மட்டுமே மிஞ்சியது. இணைப்பு அறிவிப்பு வந்தால் திரும்பி மாற்ற வழியுண்டா, கருவூலம் எவர் கையில் போகிறது என்ற இரண்டையும் வாசிக்காமல் மாற்ற வேண்டாம்.

மைனர் உண்மையா ஏஐ ஓட்டுறான் எண்டு ஆர் பாக்கிற?

வலிடேட்டர்தான். அங்கேயே ஓட்டையும் இருக்கிறது. சோம்பேறி வலிடேட்டர் வேலையைச் சோதிக்காமல் மற்றவர் போட்ட புள்ளிகளைப் பார்த்தெழுதலாம். இதைத் தடுக்கப் புள்ளிகளை முதலில் மறைத்துப் பூட்டிப் பிறகு திறக்கும் முறையைப் பிட்டென்சர் கொண்டுவந்தது. மைனரும் வலிடேட்டரும் ஒரே ஆளாக இருந்து தனக்குத்தானே புள்ளி போடுவது, பெரிய மாதிரிக்குப் பதிலாகச் சிறியதை ஓட்டுவது, இல்லாத ஜிபியுவை இருப்பதாகக் காட்டுவது எல்லாம் இந்தத் துறையின் வழமையான மோசடிகள். சோதனை முறையை ஆவணத்தில் விளக்காத சப்நெட்டில் காசு வைப்பது கண்ணை மூடிக்கொண்டு வைப்பதுதான்.

வீட்டில 4090 கார்ட் ஒண்டு இருக்கு. ஒலுவில்ல படிக்கிற பொடியன் மைன் பண்ணட்டுமா எண்டு கேக்கிறான்?

படிக்க நல்லது, உழைக்கக் கடினம். அந்த ஜிபியு கார்ட் முழு வேகத்தில் 450 வாட் எடுக்கும். 24 மணித்தியாலம் ஓடினால் 10.8 அலகு, மாதம் 324 அலகு, மற்றப் பாகங்களும் ஏசியும் வேறு. வீட்டு மின்பட்டியல் 180 அலகைத் தாண்டியதும் உச்சப் படி விலை தொடங்கும். வீட்டுப் பாவனையும் சேர்ந்தே அந்தப் படிக்குள் போகும்.

சப்நெட் ஒன்றில் பெரும்பாலும் 256 இடம்தான். நுழையக் கட்டும் தாவோ திரும்பி வராது. புதியவருக்குக் கொஞ்ச நேரம் பாதுகாப்பு உண்டு. 4,096 புளொக் என்றால், புளொக்குக்கு 12 செக்கன்படி 13 மணித்தியாலம் 39 நிமிடம். அதற்குள் புள்ளி ஏறாவிட்டால் அடுத்து வருபவர் உங்கள் இடத்தைப் பிடிப்பார். அந்த நேரத்தில் கரண்ட் போனாலோ பைபர் அறுந்தாலோ நுழைவுக் காசு போச்சு. முதலில் பெறுமதி இல்லாத டோக்கன் ஓடும் டெஸ்ட்நெட்டில் ஓட்டச் சொல்லுங்கள்.

விலை 1 டொலர்தான். பிட்கொய்ன் மாதிரி ஏறாதா?

ஒரு டோக்கனின் விலை எதையும் சொல்லாது. மொத்தம் 100 கோடி டோக்கன், வெளியில் 10 கோடி என்றால் சந்தைப் பெறுமதி 10 கோடி டொலர். முழுவதும் வெளிவந்த பிறகும் இதே விலை நிற்க, சந்தைப் பெறுமதி 100 கோடி டொலராக வேண்டும். மிகுதி 90 கோடி டோக்கன் குழுவிடமும் ஆரம்ப முதலீட்டாளரிடமும் பூட்டிக் கிடக்கிறது. அது எந்த மாதம் திறக்கிறது என்ற அட்டவணையைப் பார்க்காமல் வாங்கினால், அவர்கள் விற்க நீங்கள் வாங்குவீர்கள்.

வோட் போட்டதுக்காக வழக்கு வருமா?

அமெரிக்காவில் ஓகி டிஏஓ (டோக்கன் வைத்திருப்போரின் வாக்கால் நடக்கும் அமைப்பு) வழக்கு ஒன்று உண்டு. 2023 ஜூனில் அங்குள்ள சமஷ்டி நீதிமன்றம் அந்த அமைப்பையே பொறுப்பாளியாக்கித் தீர்ப்பளித்தது. வாக்களித்த டோக்கன்காரர்களை அங்கத்தவராகக் கொள்ளலாம் என்பது வழக்கிட்ட ஆணைக்குழுவின் வாதம். பெயரில் கம்பனி இல்லாவிட்டால் பொறுப்பும் இல்லை என்பது பிழை. கருவூலக் காசைப் பிரிக்கும், சட்டத்தை மீறும் தீர்மானங்களுக்கு வாசிக்காமல் ஆம் போட வேண்டாம்.

சாவி என்ர கையில இருந்தா களவு போகாதுதானே?

மேலே சொன்ன 32,000 தாவோவும் சாவியைத் தாங்களே வைத்திருந்தவர்களிடமிருந்துதான் போனது. 2024 மே கடைசியில் மென்பொருள் தரவிறக்கும் பைபிஐ தளத்தில் பிட்டென்சரின் 6.12.2 பதிப்பாகக் களவு நிரல் சேர்த்த கோப்பு ஏற்றப்பட்டிருந்தது. அதை நிறுவி ஸ்டேக்கோ பரிமாற்றமோ செய்தவர்களின் பூட்டுத் திறந்த கோல்ட்கீ (டோக்கனைக் கையாளும் முதன்மைச் சாவி) திருடனுக்குப் போனது.

ஆகவே கோல்ட்கீயை ஹார்ட்வெயார் வொலட்டில் (சாவியை வைக்கும் தனிக் கருவி) வைத்து, அன்றாட வேலைக்கு ஹொட்கீ என்ற இரண்டாம் சாவியை மட்டும் பாவியுங்கள். புதுப் பதிப்பு வந்த அன்றே நிறுவாமல் சில நாள் பொறுங்கள். வொலட்டை மீட்க உதவும் 12 சொற்களைக் கடதாசியில் எழுதுங்கள், போனில் படம் எடுக்கக் கூடாது. டெலிகிராமில் "சப்போர்ட்" என்று தானாக எழுதுபவர் எல்லாரும் கள்ளர்.

மகன் கட்டாரில இருந்து அனுப்பின 5 இலட்சம் கையில இருக்கு. எவ்வளவு போடலாம்?

தொகையை விட, அது எந்தக் காசு என்பதே கேள்வி. பெரும்போகத்துக்கு உழவு, விதை, பசளை வாங்க வைத்தது, சீட்டுக் கட்ட வைத்தது, மகளின் கல்யாணத்துக்கு வைத்தது, நகை அடகு வைத்து எடுத்தது என்றால் பூச்சியம். இதை நாங்கள் மனதார வலியுறுத்துகிறோம். அடகு வட்டி மாதா மாதம் ஏறும், டோக்கன் 21 நாள் பூட்டில் இருக்கும்.

இவை எல்லாம் கழிந்து மிஞ்சியதில், முழுதாகப் போனாலும் மகனிடம் முகம் பார்த்துச் சொல்லக்கூடிய அளவு மட்டுமே. முதல் தடவை 5,000 ரூபாவுக்கு வாங்கி, ஸ்டேக் செய்து, எடுத்து, திரும்ப ரூபாவாக்கி வங்கியில் போட்டுப் பாருங்கள். வெட்டுப்பட்ட கட்டணம், காத்த நாட்கள், ஸ்லிப்பேஜ் எல்லாம் அந்தச் சுற்றில் தெரிந்துவிடும்.

எனக்கு ஏதும் நடந்தா வீட்டுக்காரர் எப்படி எடுக்கிற?

இதைக் கேட்பவர் குறைவு, கேட்கவேண்டியவர் எல்லாரும். வங்கியில் மரணச் சான்றிதழைக் காட்டலாம், இங்கே காட்ட ஆளில்லை. 12 சொற்கள் எழுதிய கடதாசியை மூடிய உறையில் வீட்டில் ஓரிடத்தில் வையுங்கள். எந்த வலையமைப்பு, எந்த வொலட் செயலி, எந்த வலிடேட்டர், எடுக்க எத்தனை நாள் என்பதைத் தமிழில் இன்னொரு தாளில் எழுதி வேறிடத்தில் வையுங்கள். ஹார்ட்வெயார் வொலட்டின் PIN இலக்கத்தை அந்த இரண்டாம் தாளில் எழுதலாம், 12 சொற்களை அதில் எழுதக் கூடாது. மனைவியோ மகனோ அந்தத் தாளைப் பார்த்து, சொற்களைத் தொடாமல், எக்ஸ்புளோரரில் மீதியைக் கண்டுபிடிக்கிறார்களா என்று நீங்கள் இருக்கும்போதே ஒருமுறை செய்து பாருங்கள்.